முன்பின் தெரியாதவருக்கு ஏன் தண்ணீர் கொடுக்கிறோம்? நெடுந்தூர நடையும் வழியோர மனிதர்களும்

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு சுமார் 200 கிலோமீட்டர். காடியில் போனால் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். நடந்து போனால்? ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு நாள் ஆகும்.

டோல் நெடுஞ்சாலையில் நடக்க அனுமதி கிடையாது. அதனால் பழைய சாலைதான் கதி. கோப்பேங், கம்பார், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று ஒவ்வொரு ஊராகக் கடக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ஒருவருக்கு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று வையுங்கள். எட்டு நாளுக்கு 32 லிட்டர். அதாவது, 32 கிலோ. தண்ணீர் மட்டுமே அவ்வளவு எடை. சோறு, மாற்றுத்துணி, மருந்து எல்லாம் தனி.

இவ்வளவையும் முதுகில் தூக்கிக்கொண்டு யாராலும் நடக்க முடியாது. நெடுந்தூரம் நடப்பவர் தனக்கு வேண்டியதை வழியில்தான் பெற்றாக வேண்டும். காசு கொடுத்து வாங்கலாம். இல்லையென்றால், யாராவது கொடுக்க வேண்டும்.

அப்படிக் கொடுப்பவர்கள் யார்? முன்பின் தெரியாத ஆளுக்கு ஏன் கொடுக்கிறார்கள்? இது வெறும் அதிர்ஷ்டமா, இல்லை இதற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறதா?

தண்ணீர்ப் பந்தல் எப்படி வேலை செய்கிறது?

இந்த ஏற்பாட்டை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். தைப்பூசத்தன்று ஈப்போவில், புந்தோங் சுங்கை பாரி மாரியம்மன் கோவிலிலிருந்து குனோங் சீரோ அடிவாரத்தில் இருக்கும் கல்லுமலை சுப்ரமணியர் கோவில் வரை பக்தர்கள் நடக்கிறார்கள். கோலாலம்பூரில் ரதம் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலைக்குப் போகும் தூரம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பினாங்கில், 1894-ல் காரைக்குடியிலிருந்து வந்த வெள்ளி ரதம் ஊர் வழியாக ஊர்ந்து போகும்.

மூன்று இடத்திலும் ஒரு விஷயம் பொது. வழிநெடுக தண்ணீர்ப் பந்தல். மோர், சர்பத், மினரல் வாட்டர், பொட்டலச் சோறு என்று பந்தலுக்குப் பந்தல் வேறுபடும். நடத்துபவர் ஒரு குடும்பமாக இருக்கலாம், நண்பர்கள் கூட்டமாக இருக்கலாம், ஒரு கம்பெனியாகவும் இருக்கலாம்.

அங்கே உங்களிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. எந்த ஊர், என்ன சாதி, என்ன வேலை என்று விசாரிப்பதில்லை. "எடுத்துக்கோங்க தம்பி, இன்னொன்னு எடுத்துக்கோங்க" என்று கையில் திணிப்பார்கள். வாங்குபவருக்கும் கூச்சமில்லை. கொடுப்பவரும் தான் பெரிய ஆள் என்று காட்டிக்கொள்வதில்லை. 'நடக்கிறவர் புண்ணியத்தில் எனக்கும் பங்கு' என்பதுதான் கொடுப்பவரின் கணக்கு.

ஆக, பந்தலில் நடப்பது தற்செயலான இரக்கம் இல்லை. யார் கொடுப்பது, எதைக் கொடுப்பது, எப்படி வாங்குவது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு முறை அதில் இருக்கிறது.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது?

சங்க இலக்கியத்தில் 'ஆற்றுப்படை' என்று ஒரு வகை உண்டு. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து நூல்கள், இந்த வகைதான். 'ஆறு' என்றால் இங்கே வழி. 'படுத்துதல்' என்றால் செலுத்துதல். வழிகாட்டுவது என்று பொருள்.

கதை ரொம்ப எளிது. ஒரு பாணரோ கூத்தரோ வள்ளலிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார். எதிரே பசியோடு இன்னொரு கூட்டம் வருகிறது. "இந்த வழியாகப் போ, இன்ன இடத்தில் இன்னார் இருப்பார்கள், இன்ன சாப்பாடு கிடைக்கும்" என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார். சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை ஊரில் மீனவர் மீன் கொடுப்பார்கள். உள்ளே போனால் வேட்டுவர் இறைச்சி கொடுப்பார்கள். வயல் ஊரில் உழவர் சோறு போடுவார்கள் என்று வரிசையாக வரும்.

இன்றைக்கு நாம் போனில் ரிவ்யூ படித்துவிட்டுக் கடைக்குப் போகிறோம் இல்லையா? கிட்டத்தட்ட அதுதான். ஒரே வித்தியாசம், அந்தப் பட்டியலில் விலை இல்லை.

பிற்காலத்தில் இதற்குக் கல்லும் கட்டடமும் வந்தன. தமிழ்நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லை இன்றும் பார்க்கலாம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர், யாருடைய உதவியும் இல்லாமல் அதன்மேல் சுமையை இறக்கி வைக்கலாம். மறுபடி தானே தூக்கிக்கொள்ளலாம். கர்ப்பமாக இருக்கும்போது இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன ஒரு சுமைக்காக, ஊரார் சுமையை இறக்க ஓர் இடம்.

தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் காலத்து முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. யாத்திரை போகிறவர்களுக்கு அங்கே சாப்பாடும் தங்குமிடமும் கிடைத்தன.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதில் அந்தக் காலத்தில் சாதி குறுக்கே நின்றது. சில இடங்களில் சாலையே எல்லோருக்கும் பொதுவாக இல்லை. வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1924-ல் போராட்டம் நடத்த வேண்டி வந்தது. அதில் கலந்துகொண்டு பெரியார் சிறை சென்றார். வழியோர அன்பு எப்போதும் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது என்று சொன்னால் அது பொய்.

சோறு போட்டால் ஜெயில்: 1930-ல் என்ன நடந்தது?

வழியோர மனிதர்களின் உறுதிக்கு உண்மையிலேயே சோதனை வந்தது 1930 ஏப்ரலில்.

காந்தி தண்டியில் உப்பு எடுத்த அதே மாதம், தமிழ்நாட்டில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் கடற்கரைக்கு நடந்தார்கள். ஏப்ரல் 13 அன்று புறப்பட்டார்கள். தூரம் சுமார் 150 மைல், கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். ஈப்போ–கோலாலம்பூர் தூரத்தைவிட அதிகம். நாளைக்குச் சராசரியாக 10 மைல் நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள்.

வழியில் பெரும்பகுதி தஞ்சாவூர் மாவட்டம். அங்கே கலெக்டராக இருந்தவர் ஜே.ஏ. தார்ன் என்ற ஆங்கிலேயர். நடப்பவர்களை அடித்து விரட்டுவதைவிட எளிய வழி ஒன்று அவருக்குத் தெரிந்தது. சோறும் தங்குமிடமும் இல்லையென்றால் நடை தானாக நின்றுவிடும். அதனால், தொண்டர்களுக்குச் சாப்பாடோ இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் சிறை, அபராதம் என்று அறிவித்தார். துண்டறிக்கை போட்டார்கள், ஊர் ஊராகத் தண்டோராவும் அடித்தார்கள்.

ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி, தொண்டர்கள் போகும் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று போலீசுக்குத் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நடப்பவர்கள் கையை நீட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெளிப்படையாகவே கொடுத்தவர்களும் உண்டு. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தன் வீட்டிலேயே தொண்டர்களுக்கு இடம் கொடுத்தார். அதற்காக ஆறு மாதம் சிறைக்குப் போனார். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, தான் சவரம் செய்துகொண்டிருப்பது ஒரு போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவரும் சிறைக்குப் போனார்.

ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறிக் கைதானார். பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் இந்தத் தேதிதான் இருக்கும். ஆனால் அந்த 15 நாள் நடையைச் சாத்தியமாக்கியது பெயர் தெரியாத சமையல்கட்டுகள். இரவோடு இரவாகச் சோறு வடித்து, பொட்டலம் கட்டி, மரத்தில் தொங்கவிட்டவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

கையில் காசே இல்லாமல் போக முடியுமா?

முடியும் என்று காட்டியவர்கள் இரண்டு இந்திய இளைஞர்கள். சதீஷ் குமார், ஈ.பி. மேனன். அணு ஆயுதத்துக்கு எதிராக 1962-ல் டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து கிளம்பினார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், சோவியத் நாடு, ஐரோப்பா என்று போய், கடலைக் கப்பலில் கடந்து, கடைசியில் வாஷிங்டன் வரை போனார்கள். மொத்தம் சுமார் 8,000 மைல்.

கிளம்பும்முன் வினோபா பாவேயிடம் ஆசி வாங்கப் போனபோது அவர் சொன்ன யோசனை: கையில் காசு வைத்துக்கொள்ளாதீர்கள். காசு இருந்தால் கடையில் சாப்பிட்டு, விடுதியில் படுத்து, அடுத்த நாள் கிளம்பிவிடுவீர்கள். ஊர் மனிதர் ஒருவரிடமும் பேச வேண்டிய தேவை வராது. காசு இல்லையென்றால் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். கதவு திறந்தால் பேச்சு தொடங்கும்.

அவர்கள் போன வழியில், சோவியத் நாட்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அருகே சந்தித்த பெண்களில் ஒருவர் நான்கு பொட்டலம் தேயிலை கொடுத்தார். அணு ஆயுதம் வைத்திருந்த நான்கு நாடுகளின் தலைவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. அந்தப் பொத்தானை அமுக்கத் தோன்றினால், முதலில் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு யோசிக்கச் சொல்லுங்கள் என்பது அவர் அனுப்பிய செய்தி.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நடப்பவர் வாங்குபவர் மட்டும் இல்லை. ஓர் ஊரின் செய்தியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறவரும் அவர்தான். ஆற்றுப்படைப் பாணர் செய்ததும் அதே வேலைதான்.

இலங்கையில் இதை இன்றும் பார்க்கலாம். யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமம் வரை நடக்கும் பாதயாத்திரை ஒரு மாதத்துக்கும் மேல் போகும். போரால் தடைபட்டு, மறுபடி தொடங்கிய நடை அது. வழியில் கோவில்களில் தங்கி, ஊரார் கொடுப்பதைச் சாப்பிட்டு, நடப்பவர்கள் ஒருவரையொருவர் 'சாமி' என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். வீட்டில் யார் பெரியவர், வேலையில் யார் மேலே என்ற கணக்கெல்லாம் அந்தச் சாலையில் செல்லாது.

அப்படியென்றால், நடக்கும் எல்லோருக்கும் இந்த அன்பு கிடைக்குமா?

இங்கேதான் சிக்கல். மஞ்சள் துணியும் மாலையும் போட்டிருந்தால் நீங்கள் யார் என்று பார்த்தவுடன் தெரியும். கையில் கொடி இருந்தாலும் தெரியும். அந்த அடையாளம்தான் கதவைத் திறக்கிறது. அடையாளம் எதுவும் இல்லாமல் ஒருவர் வியர்த்து விறுவிறுக்கச் சாலையோரமாக நடந்து வந்தால்?

2020 மார்ச் இறுதியில் இந்தியா முழுதும் ஊரடங்கு வந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை, வேலையும் இல்லை. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் பலர் சோறும் தண்ணீரும் செருப்பும் கொடுத்தார்கள். கிருமிக்குப் பயந்து சில ஊர்கள் பாதையை முள்வேலி போட்டு அடைக்கவும் செய்தன. மே 8 அன்று ஔரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிவிட்ட 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி இறந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன.

வழியோர அன்பு பெரிய விஷயம்தான். ஆனால் அரசாங்கம் விட வேண்டிய பஸ்ஸுக்கு அது ஈடாகாது. இதையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

தஞ்சோங் ரம்புத்தானில் ஒருவர் நடந்து போனால்?

இந்தக் கேள்வி பேராவில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூர்மையானது.

ஈப்போவிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் சின்ன ஊர் தஞ்சோங் ரம்புத்தான். ஆனால் மலேசியா முழுதும் இந்தப் பெயரைத் தெரியும். காரணம், 1911-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் இங்கே தொடங்கிய மனநல மருத்துவமனை. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரையாவது கிண்டல் பண்ண வேண்டுமென்றால், "இவனை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று சொல்வது பல தலைமுறைப் பழக்கம். ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல் ஆக்கிவிட்டோம்.

இதன் விளைவு என்ன? அந்தப் பக்கத்துச் சாலையில் யாராவது தனியாக, பையும் இல்லாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தால், 'தண்ணீர் வேணுமா' என்று கேட்பதற்கு முன்னால் நம் கண் வேறு முடிவுக்கு வந்துவிடுகிறது. காடிக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம். தைப்பூசத்தன்று பேர் தெரியாதவருக்கு மோர் கொடுத்த அதே கை.

அவர் நோயாளியாக இருக்கலாம். பஸ்ஸைத் தவறவிட்டவராக இருக்கலாம். ஊரைச் சுற்றிப் பார்க்க நடப்பவராகவும் இருக்கலாம். மூவருக்கும் தாகம் ஒன்றுதான்.

தோட்டம் போன பிறகு என்ன மாறியது?

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. ஈப்போவைச் சுற்றி, செம்மோர், சுங்கை சிப்புட் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் நிறைய. பால்மரக் காட்டுக்கு நடுவே லயத்து வீடுகள் வரிசையாக இருக்கும். வாசல் திறந்தே இருக்கும். பொதுத் தண்ணீர்க் குழாய் இருக்கும். ஒரு மாரியம்மன் கோவிலும் இருக்கும். களைத்து வருபவர் கோவில் திண்ணையில் உட்கார்ந்தாலே போதும், எந்த வீட்டுப் பாட்டியாவது வந்து, "எந்தத் தோட்டம்ப்பா நீ? சாப்பிட்டியா?" என்று கேட்பார்.

பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. சில செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மக்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். இப்போது வாசலில் கிரில், கேட், கேமரா. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. திருட்டுப் பயம் உண்மையானது. தனியாக இருக்கும் வயதானவர்கள் கதவைத் திறக்கத் தயங்குவதும் நியாயம்தான்.

ஆனால் திண்ணை போனதும் அது செய்த வேலையும் சேர்ந்தே போய்விட்டது. அந்நியரை வீட்டுக்குள் விடாமலே உட்கார வைக்கும் இடம் அது. இன்று அந்த வேலையை ஓரளவு செய்வது கோவில், சூராவ், குருத்துவாரா, தேவாலயம், மாமாக் கடை, பெட்ரோல் நிலையம்.

நடக்க ஆசை இருக்கிறதா? கவனிக்க வேண்டியவை

- முதலில் சிறிதாகத் தொடங்குங்கள். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போ வரை ஒரு காலைப்பொழுது நடந்தாலே கால் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.
- விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறும்முன் பெரும்பாலான தூரத்தை முடித்துவிடுங்கள். மாலையில் மழை, இடி வந்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள்.
- நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் உடுப்பு அவசியம். பழனிக்கு நடப்பவர்களுக்குத் தமிழ்நாட்டுப் போலீசார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது இதற்காகத்தான்.
- எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தினமும் தெரிவியுங்கள். முக்கியமாகப் பெண்கள் தனியாக நடப்பதைவிடக் குழுவாக நடப்பது நல்லது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலை இருப்பது சாலையின் குறை, நடப்பவரின் குறை இல்லை.
- தங்க இடம் கேட்பதாக இருந்தால் இருட்டும்முன் கேளுங்கள். வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட, கோவில் நிர்வாகத்திடம் கேட்பது இரு தரப்புக்கும் எளிது.
- கொடுத்ததை மரியாதையாக வாங்குங்கள். இருப்பவரிடமே திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். கிளம்பும்போது இடத்தைப் பெருக்கிவிட்டுப் போங்கள். முகம் தெரிகிற மாதிரி வீடியோ எடுப்பதற்குமுன் அனுமதி கேளுங்கள். அவர் உங்களுக்குக் கொடுத்தது தண்ணீர். உங்கள் பக்கத்துக்கு வியூஸ் தருவதாக அவர் சொல்லவில்லை.

நடக்காதவர்கள் என்ன செய்யலாம்?

பெரும்பாலோர் எட்டு நாள் நடக்கப் போவதில்லை. ஆனால் நடப்பவரைக் கடந்து போகப்போவது எல்லோரும்தான்.

காடியில் போகும்போது தனியாக நடந்து போகும் ஒருவரைப் பார்த்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். உள்ளிருந்தபடியே கேட்டாலும் பரவாயில்லை. "அண்ணே, தண்ணி வேணுமா?", "பாக் சிக், நாக் ஆயர்?", "அங்கிள், ஓகேவா?" எந்த மொழியிலும் இது மூன்று நான்கு சொல்லுக்குமேல் ஆகாது. அவர் வழி தெரியாமல் தடுமாறுகிற மாதிரி இருந்தாலோ, உடல்நிலை சரியில்லை என்று தோன்றினாலோ 999-க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். உதவி வரும்வரை கொஞ்ச நேரம் கூட இருங்கள்.

நேரில் பேசத் தயக்கமா? வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குடமும் குவளையும் வைக்கலாம். குடத்தை மூடி வையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கொசுத் தொல்லை வராது. யார் வைத்தது என்று குடிப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. யார் குடித்தது என்று வைத்தவருக்கும் தெரிய வேண்டியதில்லை. 1930-ல் தஞ்சாவூர் மாவட்டத்து மரக்கிளைகளில் தொங்கிய பொட்டலங்களும் அப்படித்தான் கைமாறின.